மூச்சு முந்திவிட்டது, குதிகால் பின்னால் வருகிறது

கேள்வி: எனக்கு வயது 57. பணி ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. மூன்று வருடமாகத் தினமும் முக்கால் மணி நேரம் நடந்து வந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்பு ஓட ஆரம்பித்தேன். முதல் வாரம் 1 கிலோமீட்டர் ஓடினேன், ஐந்தாவது வாரம் நிற்காமல் 5 கிலோமீட்டர். மூச்சு வாங்கவே இல்லை. அந்த உற்சாகத்தில் அடுத்த ஞாயிறு 8 கிலோமீட்டர் ஓடிவிட்டேன். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கியதும் வலது குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், நரம்பு இழுத்தது போல வலி. இரண்டு வாரமாக ஓடவில்லை. வலி குறைந்திருக்கிறது, ஆனால் காலையில் இன்னும் விறைப்பு இருக்கிறது. ‘இந்த வயசில் ஓடினால் முட்டி தேய்ந்து போகும், நடந்தால் போதாதா’ என்கிறார் என் கணவர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இனி நான் ஓடலாமா? ஐந்து மாதத்தில் வரும் 58ஆவது பிறந்த நாளில் 10 கிலோமீட்டர் ஓட ஆசை. நடக்குமா?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். ‘மூச்சு வாங்கவே இல்லை.’ ஐம்பது வயதுக்கு மேல் ஓட வந்து, காலில் அடிபட்டு என்னிடம் வரும் பெரும்பாலானவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். மூச்சு வாங்கவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம் ஓடினேன் என்று. நடந்தது என்ன என்பதும், இனி செய்ய வேண்டியது என்ன என்பதும் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

ஓட ஆரம்பித்த ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ளுகிறது. சில வாரங்களில் தசைகள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் ஏறிவிடுகிறது. மூன்று வருடம் நடந்து பழகியவர் நீங்கள், உங்களுக்கு அது இன்னும் சீக்கிரம் நடந்திருக்கும். ஆனால் குதிகாலையும் கெண்டைக்கால் தசையையும் இணைக்கும் தசைநாண் அப்படி இல்லை. நாம் பேச்சு வழக்கில் ‘நரம்பு’ என்று சொல்வது இதைத்தான். அது நரம்பு இல்லை, கயிறு போல முறுக்கிய கெட்டியான நார்க்கற்றை. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. 2013இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 இந்தத் தசைநாணில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று அளந்தார்கள். சுமார் 17 வயது வரை உருவான உட்பகுதி, அதற்கப்புறம் ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. அதாவது நீங்கள் இப்போது ஓடுவது, பள்ளிக்கூட நாட்களில் உருவான கயிற்றை வைத்துத்தான்.

பயப்பட வேண்டாம். அந்தக் கயிறு எந்த வயதிலும் உறுதிப்படும். பளு கொடுத்தால் அதன் கெட்டித்தன்மை கூடும், தாங்கும் சக்தி ஏறும். ஆனால் அதற்கு வாரக் கணக்கு போதாது, மாதக் கணக்கு வேண்டும். எலும்பும் அப்படித்தான். ஒரு இடத்தில் பழைய எலும்பு கரைந்து புது எலும்பு வைத்து முடிக்க மூன்று நான்கு மாதம் ஆகும். அதனால் ஐந்தாவது வாரத்தில் உங்கள் உடம்பில் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். இதயமும் நுரையீரலும் முன்னால் போய்விட்டன. குதிகால் பின்னால் வந்துகொண்டிருந்தது. யார் பின்னால் வருகிறாரோ அவருடைய வேகத்தில்தான் நீங்கள் போக வேண்டும்.

அந்த ஞாயிறு என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டு காலும் தரையை விட்டு எழும்பி, பிறகு ஒற்றைக் காலில் இறங்குகிறோம், உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையோடு. அந்தக் காலின் குதிகால் தசைநாண் தாங்கும் இழுவை இன்னும் அதிகம், உடல் எடையின் ஆறு மடங்கைத் தாண்டும். நிமிடத்துக்குச் சுமார் 165 அடி வைத்து நிதானமாக ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 5 கிலோமீட்டருக்கு வலது கால் மட்டும் மூவாயிரம் தடவைக்குக் கொஞ்சம் அதிகமாக இறங்கும். 8 கிலோமீட்டருக்கு ஐந்தாயிரத்தை ஒட்டி வரும். அதுவரை ஒரு நாளும் செய்திராத ஆயிரத்து எண்ணூறு இறக்கங்களை ஒரே காலையில் அந்தக் குதிகாலிடம் கேட்டிருக்கிறீர்கள். மூச்சு அதைப் பொருட்படுத்தவில்லை. குதிகால் பொருட்படுத்தியது.

முதலில் மாத்திரை விஷயம். ஓட்டத்தைத் திரும்பத் தொடங்குமுன் உங்கள் மருத்துவரைப் பார்த்து, ‘ஓடப் போகிறேன்’ என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். ‘உடற்பயிற்சி செய்யலாமா’ என்று கேட்டால், நடைப்பயிற்சி என்று நினைத்துத் தலையாட்டிவிட வாய்ப்பு உண்டு. ஈசிஜியோ டிரெட்மில் சோதனையோ வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். உங்கள் மாத்திரையின் பெயர் ‘லால்’ என்று முடிந்தால் (அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போல) அது இதயத்துடிப்பைக் குறைத்து வைக்கும் வகை. அப்போது கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை நம்பி வேகம் வைக்க முடியாது. அதிகபட்ச இதயத்துடிப்பைக் கணிக்க 220இல் வயதைக் கழிக்கும் கணக்கும் உங்களுக்குப் பொருந்தாது. ஓடி முடித்து சட்டென்று நிற்கவும் வேண்டாம், தலை சுற்றும். ஐந்து நிமிடம் நடந்து அடங்குங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டல், வழக்கமில்லாத மூச்சுத்திணறல், துடிப்பு தாறுமாறாவது, இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அவரிடம் இன்னும் இரண்டு விஷயம் கேளுங்கள். சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் சொல்லுங்கள். அந்த வகை மருந்துகள் குதிகால் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை என்பது பல பேருக்குத் தெரியாது. ஸ்டீராய்டு மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இரண்டாவது, மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. எலும்பு அடர்த்தி ஸ்கேன் உங்களுக்குத் தேவையா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது குதிகால். இன்று இரவு கட்டிலில் உட்கார்ந்து, வலது குதிகால் எலும்புக்கு மேலே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்தக் கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்து, மெல்ல மேலே கொண்டு போங்கள். இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் உயரத்துக்குள் ஒரு இடத்தில் சற்றுத் தடிப்பாக, அழுத்தினால் வலிப்பதாக இருக்கலாம். இடது காலையும் அதே போல் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் விரலுக்குத் தெரியும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அந்த இடம்தான். நேரில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள், கடிதத்தை வைத்து நான் முடிவாகச் சொல்லக் கூடாது. வலி எலும்பு ஒட்டும் இடத்திலேயே இருந்தால் பயிற்சி கொஞ்சம் மாறும். யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல ‘டப்’ என்று ஒரு உணர்வு வந்து, முன்னங்காலில் எழும்பி நிற்க முடியாமல் போனால் அது தசைநாண் அறுந்ததற்கான அடையாளம். அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும்.

இரண்டு வாரம் ஓய்வெடுத்தீர்கள். வலி குறைந்தது, விறைப்பு போகவில்லை. இதற்கு மேல் சும்மா இருந்தாலும் அது முழுசாகப் போகாது. தசைநாணுக்கு மருந்து பளுதான், அளவான பளு. சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்து நின்று, இரண்டு குதிகாலையும் சேர்த்து உயர்த்துங்கள். மூன்று எண்ணி மேலே போங்கள், மேலே ஒரு நொடி நில்லுங்கள், மூன்று எண்ணி இறங்குங்கள். பதினைந்து முறை, சற்று ஓய்வு, மறுபடி பதினைந்து, இப்படி மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இறங்குவதுதான் முக்கியம். பலர் மேலே போவதை ஒழுங்காகச் செய்துவிட்டு, தொப்பென்று கீழே விடுவார்கள். அதில் பாதிப் பலன் போய்விடும். இது சுலபமானதும் இரண்டு காலில் ஏறி வலது காலில் மட்டும் இறங்குங்கள். அப்புறம் ஒற்றைக் காலிலேயே ஏறி இறங்குங்கள்.

செய்யும்போது லேசான வலி இருக்கலாம். பத்துக்கு மூன்று வரை பரவாயில்லை. ஆனால் மறுநாள் காலை அதற்குக் கணக்கு கேட்கும். கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து அடியைக் கவனியுங்கள். நேற்றைப் போலவே இருந்தால், அல்லது குறைந்திருந்தால், நேற்று செய்தது சரியான அளவு. நேற்றை விட மோசம் என்றால் அளவு அதிகம், ஒரு படி இறங்குங்கள். என்னிடம் வந்த 62 வயதுக்காரர் ஒருவர் தலையணைப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். தினமும் காலையில் பத்து அடி நடந்துவிட்டு ஒரே ஒரு எண்ணை எழுதுவார். 4, 4, 3, 3, 5, 3, 2. அந்த 5 வந்த நாளுக்கு முந்தைய நாள் என்ன செய்தார் என்று கேட்டால், பஸ்ஸைப் பிடிக்க ஓடினார் என்று அவரே கண்டுபிடித்துச் சொல்வார். எந்த ஸ்கேனும் எனக்கு அந்த அளவு விவரம் தந்ததில்லை. நீங்களும் அப்படி ஒரு நோட்டு போடுங்கள்.

இதற்கிடையில் நடையை விடாதீர்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்தும் மறுநாள் காலை விறைப்பு கூடவில்லை, வலது ஒற்றைக் காலில் பதினைந்து முறை எழும்ப முடிகிறது என்ற நிலை வந்ததும் ஓடத் தொடங்கலாம். மூன்று வாரத்தில் வரலாம், ஆறு வாரமும் ஆகலாம்.

தொடங்கும்போது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டு முறை. வாரத்துக்கு மூன்று நாள், அடுத்தடுத்த நாட்களில் வேண்டாம். 8 கிலோமீட்டர் ஓடியவருக்கு இது அவமானமாகத் தோன்றும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து செய்யுங்கள். ஒரு படியில் தொடர்ந்து மூன்று முறை ஓடி, மூன்று முறையும் மறுநாள் காலை குதிகால் அமைதியாக இருந்தால் மட்டும் அடுத்த படி: இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. பிறகு மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று. நிற்காமல் அரை மணி நேரம் ஓடும் இடத்துக்கு வர சுமார் 14 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இளைஞர்களுக்குப் போடும் திட்டங்களில் எட்டு ஒன்பது வாரத்தில் இது முடிந்துவிடும். நம் வயதில் ஒரு ஓட்டத்துக்குப் பின் தசை பழைய நிலைக்கு வரக் கூடுதல் நேரம் எடுக்கிறது. அந்த நேரத்தைத் திட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டால் பிறகு கட்டிலில் செலவிட வேண்டியிருக்காது.

வேகத்தைப் பற்றி ஒரே ஒரு விதி போதும்: ஒரு முழு வாக்கியத்தை மூச்சு அறுபடாமல் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். பக்கத்தில் நடப்பவர் உங்களைத் தாண்டிப் போனாலும் போகட்டும். அடியைக் குறுகலாக, கொஞ்சம் அடிக்கடி வையுங்கள். நீளமாக எட்டி வைக்கும் அடி முட்டிக்குக் கூடுதல் சுமை. காலணி புதிதாக வாங்கினால், போட்டு நாலடி ஓடிப் பார்த்து, காலுக்கு இதமாக இருப்பதை எடுங்கள். விளம்பரத்தில் சொல்லும் எந்தத் தொழில்நுட்பமும் அந்த இதத்துக்கு மாற்று ஆகாது. தேய்ந்த காலணியோடு ஓடாதீர்கள், 500 முதல் 800 கிலோமீட்டர் வரைதான் ஒரு ஜோடி.

தூரம் கூட்டுவதைப் பற்றி ‘வாரத்துக்குப் பத்து சதவீதம்’ என்ற ஒரு விதியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மந்திரம் இல்லை. 2008இல் நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவு வாராந்தர அளவைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாமல் 13 வாரம் ஓடியது, மற்றது வழக்கமான 8 வாரத் திட்டத்தில் ஓடியது. இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். வித்தியாசமே இல்லை. ஆனால் 2025இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் பதிவுகளை அலசிய ஒரு ஆய்வு வேறு இடத்தைக் காட்டியது. வாரக் கூட்டுத்தொகையை விட ஒரே ஓட்டத்தின் தாவல்தான் ஆபத்தானது. கடந்த முப்பது நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தை விடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் தாண்டியவர்களுக்குக் காயம் அதிகமாக வந்தது. நீங்கள் ஐந்திலிருந்து எட்டுக்குப் போனது அறுபது சதவீதத் தாவல். என் அனுபவத்திலும் இதுதான் உண்மை. காயத்தோடு வருபவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரு தனி நாள் இருக்கும், ஒரு நண்பர் கூப்பிட்ட நாள், வானிலை அருமையாக இருந்த நாள்.

அதனால் அரை மணி நேர ஓட்டம் கைவந்தபின் வாரத்தின் மூன்று ஓட்டங்களில் ஒன்றை மட்டும் நீட்டுங்கள். மற்ற இரண்டும் அப்படியே இருக்கட்டும். நீண்ட ஓட்டத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்து சதவீதம் கூட்டலாம். 5, 5.5, 6, 6.6, 7.2, 7.9, 8.7, 9.5, அப்புறம் 10. எட்டு ஏற்றம், பதினாறு வாரம். நான்காவது வாரம்தோறும் எல்லாத் தூரத்தையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து ஓடுங்கள், உடம்பு மராமத்து வேலையை முடித்துக்கொள்ள ஒரு அவகாசம். சளி, காய்ச்சல், வீட்டு விசேஷம் என்று ஒரு வாரம் தவறினால் விட்ட இடத்துக்கு ஒரு படி முன்னதாகத் தொடங்குங்கள். தவறியதை ஈடுகட்ட ஒரு நாளும் கூடுதலாக ஓட வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். அவர் அக்கறையில் சொல்கிறார், பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். முட்டியின் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு நீரிலிருந்துதான் அது ஊட்டம் எடுக்கிறது, அழுத்தி விடும்போதுதான் அந்த நீர் உள்ளே போய் வரும். அதனால் அளவான பளு அதற்குப் பகை இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1984இல் ஐம்பது வயதைத் தாண்டிய ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் பின்தொடரத் தொடங்கினார்கள். சுமார் இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, எக்ஸ்ரேயில் ஓட்டக்காரர்களின் முட்டியில் தேய்மானம் கூடுதலாக இல்லை. அன்றாட வேலைகளில் தடுமாற்றம் அவர்களுக்குப் பல வருடம் தள்ளியே வந்தது. ஓட வருபவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம் என்பதையும் நான் சேர்த்தே சொல்ல வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே முட்டித் தேய்மானம் இருந்து, முட்டி வீங்கினால் அது தனி விஷயம், அதை நேரில் பார்த்துத்தான் பேச வேண்டும். இல்லாத பட்சத்தில் ‘ஓடினால் தேயும்’ என்ற பயத்துக்காக நீங்கள் ஓட்டத்தை விட வேண்டியதில்லை. முட்டிக்கு உண்மையான காவல் தொடைத் தசை. நாற்காலியில் கை ஊன்றாமல் மெதுவாக உட்கார்ந்து எழும் பயிற்சியை, குதிகால் பயிற்சி செய்யும் அதே நாளில் பத்து பத்தாக மூன்று சுற்று செய்யுங்கள். கணவரையும் கூட நிறுத்திக்கொள்ளுங்கள், அவருக்கும் அது தேவைப்படும் வயதுதான்.

வயது தடையா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவில் அந்தக் கேள்வி இருக்கிறது. பஞ்சாபில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஃபௌஜா சிங் தன் எண்பதுகளில் ஓட்டத்தைக் கையில் எடுத்தவர். 2000இல் லண்டனில் முதல் மாரத்தான். 2011இல் டொரன்டோவில் 42 கிலோமீட்டரை எட்டு மணி நேரத்துக்குச் சற்றே மேல் எடுத்து முடித்தார். பாஸ்போர்ட்டின்படி அப்போது அவருக்கு வயது 100. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் சாதனையாகப் பதிவாகவில்லை. எட்டு மணி நேரம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அது கிலோமீட்டருக்குப் பதினொன்றரை நிமிடத்துக்கும் மேல். உங்கள் நடை வேகத்துக்குப் பக்கத்தில் வரும்.

சரி, பிறந்த நாள். இப்போதிருந்து குதிகால் தேற மூன்றிலிருந்து ஆறு வாரம், அரை மணி ஓட்டத்துக்கு 14 வாரம், அங்கிருந்து பத்துக்கு 16 வாரம். இடையில் தவறும் வாரங்களையும் சேர்த்தால் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம். ஐந்து மாதத்தில் 10 கிலோமீட்டரை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். 58ஆவது பிறந்த நாள் காலையில், எல்லாம் ஒழுங்காகப் போனால், நீங்கள் நிற்காமல் அரை மணி நேரம் ஓடலாம், மறுநாள் கட்டிலை விட்டு வலியில்லாமல் இறங்கலாம். பத்து கிலோமீட்டரை 59க்கு வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு ஐந்து மாதத்தில் ஓடி, நாள்பட்ட குதிகால் வலியோடு வருடக்கணக்கில் நடக்கவே தயங்கும் பலரை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் நீங்கள் வருவதை நான் விரும்பவில்லை.

ஆறு வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்று வேண்டாம். வலது ஒற்றைக் காலில் எத்தனை முறை எழும்ப முடிகிறது, இடது காலில் எத்தனை முறை, நோட்டில் கடைசி ஏழு காலைகளின் எண்கள் என்ன. இந்த மூன்றையும் எழுதினால் அடுத்த படியைச் சொல்கிறேன்.